மந்திரவாதிகள் அரிதான நாடு

பொத்தானை எடுத்துக் கன்னத்தில் ஒற்றி, கண்களை மூடி, ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்த பிறகே சிந்தியா அதைப் பைக்குள் போடுகிறார். அடுத்த பொத்தான், மறுபடியும் கன்னம், மறுபடியும் காத்திருப்பு. மேசைமேல் திறந்திருக்கும் பிஸ்கட் டப்பாவில் பல நிறத்துச் சட்டைப் பொத்தான்கள். ஒதுக்கப்படுபவை டப்பாவின் மூடிக்குப் போகின்றன. தேறியவை, கெட்டியான திரைச்சீலைத் துணியில் தைத்துச் சுருக்குக் கயிறு கோத்த பைக்குப் போகின்றன.

"பிளாஸ்டிக் ஒடனே நம்ம சூட்ட வாங்கிக்கும் சார். சிப்பி வாங்காது, ஜில்லுன்னே நிக்கும். ரெண்டும் வெள்ளையா இருந்தா கண்ணு ஏமாந்துடும்" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. அவருடைய தாயார் பள்ளிச் சீருடைகள் தைத்தவர். டப்பாவும் அவருடையது, கன்னத்துச் சோதனையும் அவருடையது.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், ஏழாற்று நாட்டில் இந்த ஆண்டு மழை பொய்க்கவில்லை. விளைச்சல் நன்று, கொள்ளைநோய் இல்லை. ஆகவே மக்கள்தொகை சற்றே பெருகியிருக்க வேண்டும். அந்தப் பெருக்கத்தைத்தான் அவர் ஒரு கைப்பிடி அளவில் பைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாற்று நாடு எந்த நிலப்படத்திலும் இல்லை. சிந்தியா உண்டாக்கிய நாடு அது. ஞாயிறு பிற்பகல்களில், பிரேசர் டவுனில் எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாசிப்பறையின் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, மூன்று பேர் அந்த நாட்டுக்குள் போய்த் திரும்புகிறார்கள். அறையின் சாவி என் பொறுப்பில் இருப்பதால் நான் ஓரத்து நாற்காலியில் செய்தித்தாளோடு அமர்ந்திருப்பேன். தாளைத் திருப்ப மறந்துவிடுவதுண்டு.

இந்த ஆட்டம் கணினியில் ஆடுவதன்று, பேசி ஆடுவது. ஒருவர் நாட்டை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் அந்நாட்டில் ஓர் ஆளாக வாழ்வார். "கதவத் தட்டுறேன்" என்று ஆட்டக்காரர் சொன்னால், கதவைத் திறப்பவர் யார், அவர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா, நாயை ஏவுகிறாரா என்பதெல்லாம் நாட்டை நடத்துபவரின் பொறுப்பு. ஐயம் வருமிடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். நகரில் இத்தகைய குழுக்கள் பல இருக்கின்றனவாம். அங்கெல்லாம் ஆட்டக்காரர் தம் ஆளின் வகையைத் தாமே தேர்ந்துகொள்கிறார். மந்திரவாதி, வாள்வீரர், நோய் தீர்ப்பவர் என்று அந்த வகைகளுக்குப் பட்டியல் உண்டு. அதை 'கிளாஸ்' என்கிறார்கள். தேர்ந்துகொள்ளும் உரிமை கையில் இருக்கும்போது செருப்புத் தைப்பவராக இருக்க யாரும் முன்வருவதில்லை. ஆகவே அந்த நாடுகளில் சத்திரத்துக்குச் சத்திரம் மந்திரவாதிகள் கூட்டமாக அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிந்தியாவுக்கு இது பொறுக்கவில்லை.

"வெரலச் சொடுக்குனா வெளக்கு எரியும்னா, அந்த ஊர்ல எண்ணெக்கடை எதுக்கு சார்? கத எழுதுறவங்க கடைத்தெருன்னு எழுதுறாங்க, எண்ணெக்கடையும் எழுதுறாங்க, பக்கத்துலயே பத்து மந்திரவாதியும் எழுதுறாங்க. அந்தக் கடைக்காரன் எப்படிப் பொழப்பான்?"

அவருடைய ஆராய்ச்சி முறை இதுதான். ஒரு நாட்டில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பார்க்கிறார். அதிலிருந்து யார் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கிறார். ஆற்றங்கரையில் படகு கட்டியிருக்கிறதென்றால் பறந்து கடப்பவர்கள் அந்தக் கரையில் இல்லை. மதில்சுவர் தடிப்பாக இருக்கிறதென்றால் அதை ஒரு சொல்லால் சரிக்கக்கூடியவரை அவ்வூரார் கண்டதில்லை. அரசனுக்குப் பிறகு மகன் பட்டமேறுகிறான் என்றால் செத்த அரசனை எழுப்பித் தர ஆள் கிடைக்கவில்லை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்து, ஏழாற்று நாட்டில் மந்திரவாதி ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம் என்றும், இறந்தவரை எழுப்பக்கூடியவர் நாடு முழுவதற்கும் ஒருவரே என்றும் முடிவு கட்டினார். அந்த ஒருவரை இல்லாமலே செய்துவிட அவருக்கு மனம் வரவில்லை. "யாருமே இல்லன்னா ஜனங்க அழுதுட்டு அடங்கிடுவாங்க. ஒருத்தர் இருக்காருன்னாத்தான் தேடுவாங்க" என்றார்.

அந்த முடிவுதான் பையாக உருக்கொண்டது. வெள்ளைப் பொத்தான் சுமைகூலி. பழுப்பு உழவர். நீலம் படகோட்டி. கறுப்பு காவலர். இவற்றுக்கிடையே எங்கேயோ சில பித்தளைப் பொத்தான்கள், அவை மந்திரவாதிகள். ஒரேயொரு சிப்பிப் பொத்தான், அது எழுப்புகிறவர். ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்குள் கைவிட வேண்டும். எது வருகிறதோ அதுவே அவர். அந்த ஆள் உயிரோடு இருக்கும் வரை பொத்தான் அவரிடமே இருக்கும். இறந்து, உடல் அடக்கமான பிறகே அது பைக்குத் திரும்பும்.

இன்னொரு விதியும் உண்டு. எடுத்த பொத்தானைச் சிந்தியா வாங்கிப் பார்ப்பதில்லை. எடுத்தவரே பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும்.

"நீங்க யாருன்னு நீங்கதான் சொல்லணும். நான் வாங்கி செக் பண்ணா, அப்பறம் இதுவும் ஆஸ்பத்திரி கவுண்டர் ஆயிடும்."

"பித்தளை என்று ஒருவர் பொய் சொன்னால்?" என்று கேட்டேன்.

"சொல்லட்டும் சார். ஊர்ல பொய் மந்திரவாதியும் இருப்பாங்கல்ல?"

சிந்தியா நாற்பதைக் கடந்தவர். ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் முகப்பில் அமர்பவர். ஞாயிறன்று தேவாலயத்துக்கு உடுத்திய சேலையோடே வருவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவார். ஏழாற்று நாட்டில் கடிகாரம் கிடையாது. நகரவாயில் காவலனாகப் பேச வேண்டியபோது அவரையறியாமல் வேலைக்குரல் வந்துவிடும். "பேரு? வயசு? மொதத் தடவையா? அந்தப் பக்கம் ஒக்காருங்க, கூப்புடுவாங்க." மூவரும் சிரித்துவிடுவார்கள். அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு, குரலைக் கரகரப்பாக்கி, காவலனாகத் திரும்பி வருவார்.

'கிளாஸ்' என்பதற்குத் தமிழில் எழுத வேண்டிவந்தால் 'குலம்' பொருந்துமா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் தாரணி முந்திக்கொண்டாள். அவள் அதே மருத்துவமனையின் கண்ணாடிக் கடையில் சட்டங்களை முகத்துக்கேற்ப வளைத்துக் கொடுப்பவள். நீலசந்திராவில் மூன்று தலைமுறையாக வாழும் பௌத்தக் குடும்பத்துப் பெண்.

"வேணாம் சார். குலம்னா எங்கப்பா எடுத்த பட்டன எனக்கும் மாட்டிவிட்ருவாங்க. இங்க பையில கை விடுற வரைக்கும் எல்லாரும் ஒண்ணு. நான் அதுக்குத்தான் வரேன்."

தாரணி எடுத்தது நீலம். அவள் வேணி என்ற படகோட்டியானாள். ஏழு ஆறுகளின் சுழல்களும் அவளுக்கு மனப்பாடம். ராகேஷ் எடுத்தது கறுப்பு. அவன் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து வைட்ஃபீல்டில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவன். மெட்ரோவில் ஏறி, பிறகு ஆட்டோ பிடித்து வந்து சேர்வான். "வாரம் பூரா அடுத்தவன் எழுதுனதக் காவல் காக்குறேன். ஞாயித்துக்கெழமையும் வாட்ச்மேன் வேலையா அக்கா?" என்று முதல்நாள் கேட்டான். "நல்லா வேல பாரு, ஹெட் வாட்ச்மேன் ஆக்குறேன்" என்றார் சிந்தியா.

மூன்றாமவர் எத்திராஜ், தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவர், மனைவியை இழந்தவர். சிந்தியாவின் முதல் ஆட்டக்காரர் இவரே. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, அறுவைக்குப் பதிவு செய்ய வந்தவர், காத்திருந்த நேரத்தில், முகப்பின் மறுபக்கம் சிந்தியா தாரணியிடம் ஏதோ ஓர் ஆற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். "அந்த ஆறு எங்கம்மா கீது, சிஸ்டரம்மா?" என்று விசாரித்திருக்கிறார். செவிலியர் அல்லாத சிந்தியா அன்றுமுதல் அவருக்குச் சிஸ்டரம்மாதான். அறுவைக்கு முந்தைய ஞாயிறே தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பைக்குள் கைவிட்டார். எடுத்ததை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வெள்ளை" என்றார். "வெள்ளைன்னா இன்னா?" "சுமைகூலி அண்ணா. உப்பு மூட்டை தூக்குறவரு." "ஆய்த்து, விடு. அங்க போயும் மூட்டையா" என்று சிரித்தார். கல்லப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டார். பொத்தான் தொலைந்துவிடும் என்று அன்றிரவே மருமகளிடம் கொடுத்து, பட்டன் அறுந்திருந்த ஒரு சட்டையின் இடக்கை மணிக்கட்டில் தைத்துக்கொண்டாராம். ஞாயிறுதோறும் அந்தச் சட்டையில்தான் வருவார். மோட்டார் மசகு படிந்து அந்தக் கைமுனை கருத்துப்போயிருக்கிறது.

கல்லப்பன் ஐந்தாறு ஆண்டுகளாக உப்புச் சுமக்கிறான். வேணி அவனை ஆறு கடத்துகிறாள். ராகேஷின் காவலன் இருவருக்கும் முன்னால் ஈட்டியோடு நடக்கிறான். அவர்கள் எந்த அரக்கனையும் கொன்றதில்லை. ஒருமுறை சுங்கச்சாவடிக்காரன் ஒருவனை ஏமாற்றினார்கள். அந்த வெற்றியைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு ஓர் ஊரில் உண்மையான மந்திரவாதி ஒருத்தியைச் சந்தித்தபோது, மூவரும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதை நான் கண்டேன். அவள் செய்ததெல்லாம் ஈர விறகைப் பற்றவைத்ததுதான். "வேற மேஜைல இதுக்கு எவனும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்" என்றான் ராகேஷ்; ஆனால் அவனும்தான் எழுந்து நின்றான்.

சென்ற மழைக்காலத்தில் வேணி இறந்தாள். மூன்றாவது ஆற்றில் வெள்ளம். அக்கரையில் நின்ற பிள்ளைகளை ஏற்றிவர வேண்டாமென்று மற்ற இருவரும் தடுத்தார்கள். தாரணி கேட்கவில்லை. பிள்ளைகள் கரை சேர்ந்தார்கள். கடைசி நடையில் படகு கவிழ்ந்தது. பகடை இரக்கம் காட்டவில்லை. மேசைமேல் ஆட்களைக் குறிப்பதற்குச் சிந்தியா வைத்திருப்பவை நூல் சுற்றிய மரக்கட்டைகள். நீல நூற்கட்டையை அவரே எடுத்துப் படுக்க வைத்தார். அது உருண்டது. தையல்காரர் துணியில் கோடு போடும் சுண்ணத்துண்டு ஒன்றை அண்டைக்கொடுத்து நிறுத்தினார். தாரணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்புறவர் ஒருத்தரு இருக்காருன்னு சொன்னீங்கல்ல?" என்றார் எத்திராஜ்.

"இருக்காரு அண்ணா."

"அவரு இன்னா பண்ணுவாரு? தொட்டாப் போதுமா?"

"தான் யாருன்னு தெரிஞ்சு, கைய வெச்சு, எழுந்திருன்னு சொல்லணும். சும்மா கை பட்டா நடக்காது. நடந்தா ஊர்ல பொணம் தூக்குறவங்கல்லாம் பயந்துடுவாங்கல்ல?"

"ஒடம்பு கெடாம இருந்தா?"

"கெடாம இருந்தா முடியும்."

எத்திராஜ் அப்போது, அந்த மேசையில் நான் கேட்டவற்றுள் எனக்கு மறக்க முடியாத சொல்லைச் சொன்னார். "எங்கிட்ட உப்பு கீது, சிஸ்டரம்மா."

அன்றுமுதல் கல்லப்பன் வேணியின் உடலை உப்பில் பொதிந்து முதுகில் சுமந்தான். ஆற்றோடு ஊர் ஊராக இறங்கினார்கள். ஒவ்வோர் ஊரிலும், அங்கே வாழும் ஒருவரைக் காண ஒருமுறை பைக்குள் கைவிடலாம் என்பது விதி. காட்டிவிட்டு உள்ளே போட்டுவிட வேண்டும். பழுப்பு வந்தது. வெள்ளை வந்தது. மறுபடி பழுப்பு. ஓர் ஊரில் பித்தளை வந்தபோது தாரணி எழுந்தேவிட்டாள். அந்த மந்திரவாதிக்கு மழை தருவிக்கத்தான் தெரிந்திருந்தது. இன்னோர் ஊரில் எழுப்புகிறவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் ஆடு கேட்டார். சிந்தியா அந்த வேடத்தில் தாடியைத் தடவுவதுபோல் முகவாயைத் தடவி, "மொதல்ல ஆடு. அப்பறம் எழுப்புறது. ஆடு கறுப்பா இருக்கணும்" என்றார். "எவ்ளோ பெரிய டுபாக்கூர் இவரு" என்று எத்திராஜ் கொதித்தார். ஆனாலும் ஆட்டைக் கொடுத்தார்கள். அவர் அன்றிரவே ஆட்டோடு ஓடிப்போனார்.

ஆறு கடலில் கலக்கும் உப்பங்கழி ஊரோடு ஏழாற்று நாடு முடிகிறது. அதற்கு முந்தைய ஊரிலும் பழுப்பே வந்த ஞாயிறன்று ராகேஷ் பேச்சைத் திறந்தான்.

"அக்கா, நேராக் கேக்குறேன். அது உள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்குப்பா. நான்தான் போட்டேன்."

"எங்க ஆபீஸ் பசங்க வைட்ஃபீல்டுல ஒரு மேஜை போட்டிருக்காங்க. அங்க செத்தா அடுத்த நிமிசமே எழுப்பிருவாங்க. நான் அங்க போலாம்னு இருக்கேன். தாரணியையும் கூப்ட்ருக்கேன். ஒளிச்சு என்ன ஆகப்போகுது, சொல்லிட்டேன்."

சிந்தியா தாரணியைப் பார்த்தார்.

"கோவமில்லக்கா" என்றாள் தாரணி. "அடுத்த ஊர்லயும் இல்லன்னா வேணியப் பொதச்சிடுவோம். அப்பறம் நான் பையில கை விட்டு வேற யாராவது ஆகணும். என்னால முடியாது. புதுசா ஒருத்தியா இருக்கணும்னா வேற எடத்துல இருக்கலாம்னு தோணுது."

ராகேஷ் குரலைத் தாழ்த்தினான். "அந்த டப்பா மூடில நாலு சிப்பி கெடக்குது. ஒண்ணத் தூக்கி உள்ள போடுங்க. இன்னும் நாலு போடுங்க. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல."

"போட்டா வேணி எழுந்துருவா அக்கா."

"எழுந்துருவா. அந்த வெள்ளத்துல செத்த மத்தவங்க வீட்டாளுங்க வந்து, எங்களுக்கு ஏன் போடலன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

"அவங்க யாருமே கெடையாதுக்கா! எல்லாம் நீங்களாச் சொல்றது!"



மூவரும் போன பிறகு சிந்தியா கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளாமலே அமர்ந்திருந்தார். "தாரணி போயிட்டா டேபிள் நிக்காது சார். எத்திராஜ் அண்ணன் அவள நம்பித்தான் பஸ் ஏறி வர்றாரு" என்றார். அவராகத் தொடங்கியது அந்த மேசை ஒன்றைத்தான்; வேறு எதைப் பற்றியும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டப்பா மூடியிலிருந்து ஒரு சிப்பிப் பொத்தானை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சோதிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அது சிப்பியென்று அவருக்குத் தெரியும். பையின் வாய் திறந்தே இருந்தது. வெகுநேரம் சென்றபின் பொத்தானை மூடியிலேயே போட்டு, மூடியைத் தலைகீழாக்கி எல்லாவற்றையும் டப்பாவுக்குள் கவிழ்த்து, அழுத்தி மூடினார்.

அடுத்த ஞாயிறு உப்பங்கழி ஊர். காற்று எப்படி வீசுகிறது, மீன்வலைகள் எப்படிக் காய்கின்றன என்றெல்லாம் சிந்தியா வருணித்தார். குரல் வழக்கம்போல் இருந்தது. கை மட்டும் பையின் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது. தாரணி முகத்தைத் திருப்பிக்கொண்டு பைக்குள் கைவிட்டாள். நெடுநேரம் துழாவினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எடுத்தாள்; பார்த்தாள்; மேசையில் வைத்தாள்.

வெள்ளை. அதைச் சிந்தியா கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். ஆட்டத்தில் ஒருவர் எடுத்த பொத்தானை அவர் அப்படிச் சோதித்தது அதுவே முதல்முறை. உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போட்டார்.

"கொட்டுங்க" என்றான் ராகேஷ்.

"ஜனங்களக் கொட்டிப் பாக்கக்கூடாதுப்பா. நாட்ட நடத்துறவளுக்கு அதுல இப்ப யாரு யாரு மிச்சம்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா மனசு அங்கயே நிக்கும்."

"இல்லாத ஒருத்தர இத்தன மாசம் தேட விட்டிருக்கீங்களோன்னு எனக்கு இருக்கு. அதத் தீத்து வெச்சுட்டு அனுப்புங்க. தப்பாச் சொல்லல."

எத்திராஜ் குறுக்கிட்டார். "நக்கோப்பா, விடு. சிஸ்டரம்மா பொய் சொல்லாது."

"கொட்டுறேன் அண்ணா" என்றார் சிந்தியா. "கேட்டது நியாயம்தான்."

பையைத் தலைகீழாகப் பிடித்தார். ஏழாற்று நாட்டு மக்கள் அனைவரும் மேசைமேல் வந்து விழுந்தார்கள். பழுப்பும் நீலமும் கறுப்பும் ஒருபுறம் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கிடையே பித்தளை நான்கைந்து இடங்களில் மின்னியது. எஞ்சியது பெரிய வெள்ளைக் குவியல். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றினார், மூச்சு விடும் நேரம் காத்தார், இடப்பக்கம் தள்ளினார். பாதிக் குவியல் இடம் மாறியபோது ராகேஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். முக்கால் குவியல் மாறியபோது தாரணி தன் துப்பட்டா முனையை விரலில் சுற்றத் தொடங்கினாள். வெளியே தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டு மறைந்தது. கடைசிப் பொத்தானும் இடப்பக்கம் போயிற்று.

சிப்பி இல்லை.

ராகேஷ் வென்றவன்போல் இருக்கவில்லை. "சொன்னேன்ல" என்று தொடங்கியவன் முடிக்காமல் நிறுத்தினான். சிந்தியாவின் கன்னத்தில், பொத்தான் ஒற்றிய இடம் சிவந்திருந்தது.

"என் கையால போட்டேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. "எங்கம்மா ரவிக்கையில இருந்து வெட்டி, நானே போட்டேன்."

"பரவால்லக்கா" என்றாள் தாரணி. "எங்கயாவது விழுந்திருக்கும். நாங்க கெளம்பட்டா?"

"இருமா." அவர் நிமிர்ந்தார். எண்ணெய்க்கடையிலிருந்து மந்திரவாதியைக் கழிக்கும் அதே முகம் திரும்பி வந்தது. "இந்தப் பை இந்த ரூம்ல தவிர வேற எங்கயும் தெறந்ததில்ல. வீட்டுல கயித்த அவுத்ததே கெடையாது. உள்ள போட்டது நெஜம். உள்ள இல்லாததும் நெஜம். அப்ப யாரோ எடுத்திருக்காங்க. உங்க உங்க பட்டனக் காட்டுங்க."

ராகேஷ் பணப்பையிலிருந்து கறுப்புப் பொத்தானை எடுத்து வைத்தான். தாரணியின் நீலப் பொத்தான் அவளுடைய கைபேசி உறையின் கயிற்றில் தொங்கியது. அதைத் தூக்கிக் காட்டினாள்.

"என்து வெள்ளைதானே" என்றார் எத்திராஜ். "சட்டைல தெச்சுட்டேனே, சிஸ்டரம்மா." இடக்கையை மேசைமேல் நீட்டினார். மசகு படிந்த துணியில், மசகு படிந்த பொத்தான்.

சிந்தியா அதைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார். "அண்ணா, எடுத்த அன்னிக்கு நல்லாப் பாத்தீங்களா? வெள்ளையா இருந்துச்சா?"

"இன்னாம்மா கேக்குற? ஆப்பரேசனுக்கு முன்னாடி எனக்கு எதுதான் வெள்ளையா இல்ல? உன் மூஞ்சியே புகையாட்டந்தான் இருந்துச்சு."

தாரணி வளைத்துக்கொண்டிருந்த துப்பட்டா முனை அப்படியே நின்றது.

சிந்தியா சேலைத் தலைப்பின் நுனியை எடுத்து அந்தப் பொத்தானை ஒருமுறை துடைத்தார். எத்திராஜின் மணிக்கட்டை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கி, சட்டைக்கையின் முனையைத் தம் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். கண்கள் மூடின. ஒரு மூச்சு விடும் நேரம் கடந்தது. இரண்டாவதும் கடந்தது. அவர் கையை விடவில்லை.

"அக்கா?" என்றான் ராகேஷ்.

அவர் கண்களைத் திறந்தார். "ஜில்லுன்னே நிக்குது" என்றார். பிடித்த கையை மெல்ல இறக்கி, பொத்தான் குவியல்களைத் தாண்டிக் கொண்டுபோய், படுத்துக் கிடந்த நீல நூற்கட்டையின்மேல் வைத்தார். பிறகு, அது உருளாதிருக்க அண்டைக்கொடுத்திருந்த சுண்ணத்துண்டை எடுத்துவிட்டார்.